ரிமோட் கியூவில் போட்ட செய்தி எங்கே போனது?

கேள்வி: 2025 மார்ச் 7, இரவு 8:15

அக்கா, ஐபிஎம் எம்கியூ (புரோகிராம்களுக்கு இடையே செய்தி கடத்தும் மென்பொருள்) கற்றுக்கொள்ள ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு லினக்ஸ் மெஷின், ஆளுக்கொரு கியூ மேனேஜர், அதாவது கியூக்களை நடத்தும் எம்கியூ சர்வர். இங்கே ஒரு ரிமோட் கியூ, அங்கே ஒரு லோக்கல் கியூ. ரிமோட் கியூவில் செய்தி போட்டால் எந்த எர்ரரும் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஒன்றும் போய்ச் சேரவில்லை. ரிமோட் கியூவுக்குள் எத்தனை செய்தி கிடக்கிறது என்று பார்க்கவும் வழி தெரியவில்லை. ஒரு செய்தியை இங்கிருந்து அங்கே அனுப்ப இத்தனை சாமான் எதற்கு? பேசாமல் ஹெச்டிடிபியில் அனுப்பிவிடலாமே?

மார்ச் 7, இரவு 9:02

ரிமோட் கியூவுக்குள் பார்க்க முடியாது, ஏனென்றால் அதற்கு உள்ளே என்று ஒன்று கிடையாது. பெயரில்தான் கியூ. நிஜத்தில் அது ஒரு முகவரிச் சீட்டு. அந்தப் பக்கத்துக் கியூவின் பெயர், அந்தப் பக்கத்துக் கியூ மேனேஜரின் பெயர், எந்த டிரான்ஸ்மிஷன் கியூ (வெளியே போக வேண்டிய செய்தி காத்திருக்கும் கியூ) வழியாகப் போக வேண்டும் என்பது. முக்கியமாக இந்த மூன்றுதான் அதில் எழுதியிருக்கும். செய்தி எதுவும் அதில் தங்காது.

நீங்கள் போட்ட செய்தி உங்கள் மெஷினிலேயே டிரான்ஸ்மிஷன் கியூவில் உட்கார்ந்திருக்கும். அதன் கர்டெப்த், அதாவது இப்போது உள்ளே கிடக்கும் செய்திகளின் எண்ணிக்கை, எவ்வளவு என்று பாருங்கள். அங்கிருந்து செய்தியை எதிர்ப்பக்கம் கடத்தும் சேனல் ஓடவில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 7, இரவு 11:20

அவசரத்தில் சுருக்கமாகப் போட்டுவிட்டேன். "இத்தனை சாமான் எதற்கு" என்ற கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் சேர்ந்த புதிதில் இதே கேள்வியோடு ஆறு மாதம் அலைந்தேன். யார் சொன்னதும் பிடிபடவில்லை. ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக விளக்கம் படித்ததுதான் தப்பு. ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் தானாக வரிசைக்கு வரும்: இந்த நிமிடம் இந்தச் செய்திக்கு யார் பொறுப்பு?

உங்கள் புரோகிராம் புட் போட்டு (செய்தியைக் கியூவில் வைத்து), கமிட் ஆகி (வைத்தது உறுதியாகி), சரி என்று பதில் வந்துவிட்டது. அந்த நொடியில் புரோகிராமின் பொறுப்பு முடிந்தது. இனி கியூ மேனேஜர் பொறுப்பு. அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. பெர்சிஸ்டென்ட், அதாவது தொலையக்கூடாது என்று குறித்த செய்தியாக இருந்தால் லாக் ஃபைலில் எழுதிய பிறகுதான் கமிட்டுக்குச் சரி சொல்லும். மின்சாரம் போய் மெஷின் திரும்ப எழுந்தால், லாக்கைப் படித்துத்தான் கியூவை மீட்டெடுக்கும். லாக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் மற்ற எல்லாம் நிற்பது அதன்மேல்தான்.

கியூ மேனேஜர் ரிமோட் கியூ என்ற முகவரிச் சீட்டைப் படிக்கிறது. செய்தியின் முன்னால் 428 பைட்டில் ஒரு தலைப்பு ஒட்டுகிறது. "இன்ன கியூ மேனேஜரில் இன்ன கியூவுக்கு" என்பது அதில்தான் இருக்கும். ஒட்டி டிரான்ஸ்மிஷன் கியூவில் வைக்கிறது. டிரான்ஸ்மிஷன் கியூ என்பது சாதாரண லோக்கல் கியூதான், உபயோகம் மட்டும் வேறு என்று குறித்திருக்கும். அந்தப் பக்கம் மெஷின் செத்துக் கிடந்தாலும் செய்தி இங்கே பத்திரமாக இருக்கும். ஹெச்டிடிபியில் இந்த இடம் கிடையாது. எதிர்ப்பக்கம் எடுக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப முயல்வதும், அதுவரை செய்தியை எங்காவது எழுதி வைப்பதும் உங்கள் தலையில் விழும். எழுத ஆரம்பித்தால் ஒரு வருடத்தில் நீங்களே ஒரு அரைகுறை எம்கியூ கட்டி முடித்திருப்பீர்கள்.

அடுத்தது சேனல். இங்கே செண்டர், அங்கே ரிசீவர், இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்க வேண்டும். கியூ பெயருக்கு 48 எழுத்து வரை இடம், சேனலுக்கு 20தான். அந்தப் பக்கம் லிசனர் என்று ஒன்று போர்ட்டில் காத்திருக்கும், வழக்கமாக 1414. கதவைத் தட்டினால் திறந்துவிடுவது மட்டும்தான் அதன் வேலை. திறந்த பிறகு பேசுவது சேனல்கள். செண்டர் டிரான்ஸ்மிஷன் கியூவிலிருந்து எடுக்கும், ரிசீவர் தலைப்பைப் பிரித்து உள்ளூர்க் கியூவில் போடும், செண்டர் இங்கே அழித்துவிடும். சேனல் ஒருவழிப் பாதை. பதில் வர வேண்டுமானால் எதிர்த்திசையில் இன்னொரு ஜோடி வேண்டும்.

கியூ காத்து வைக்கும், சேனல் கடத்தும், கியூ மேனேஜர் பொறுப்பேற்கும்.

மார்ச் 8, காலை 7:40

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: சேனல் ரன்னிங் என்று காட்டுகிறதாம், டிரான்ஸ்மிஷன் கியூவின் கர்டெப்த் பூஜ்யமாம். அப்படியானால் என் ஊகம் தப்பு. ரிமோட் கியூவின் டெஃபினிஷனையும் சேனலின் டெஃபினிஷனையும் முழுதாக எடுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்து டெட் லெட்டர் கியூவையும் (சேர்க்க முடியாத செய்திகளை ஒதுக்கி வைக்கும் கியூ) பாருங்கள்.

மார்ச் 8, பகல் 1:15

கிடைத்துவிட்டது. இரண்டு டெஃபினிஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரிமோட் கியூ சொல்லும் டிரான்ஸ்மிஷன் கியூவும் சேனல் படிக்கும் டிரான்ஸ்மிஷன் கியூவும் ஒரே பெயர்தான். ஆனால் ஒன்று சின்ன எழுத்தில், ஒன்று பெரிய எழுத்தில்.

நடந்தது இதுதான். எம்கியூ கமாண்டில் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் கொடுத்தால் அப்படியே எடுத்துக்கொள்ளும். மேற்கோள் இல்லாமல் கொடுத்தால் முழுவதையும் பெரிய எழுத்தாக மாற்றிவிடும். தம்பி முதல் ஸ்கிரிப்டில் மேற்கோளோடு கியூவும் ரிமோட் கியூவும் செய்திருக்கிறார். இரண்டாவது ஸ்கிரிப்டில் மேற்கோள் இல்லாமல் கியூவும் சேனலும். எம்கியூவுக்கு அவை இரண்டு வேறு கியூக்கள். ஒன்றில் செய்தி விழுந்துகொண்டே இருந்தது, இன்னொன்றின் வாசலில் சேனல் காத்துக் கிடந்தது. இரண்டு கியூவும் நிஜமாகவே இருந்ததால் எர்ரர் வரவில்லை. சின்ன எழுத்துக் கியூ இல்லாமல் இருந்திருந்தால் புட் போடும்போதே 2196 என்ற எர்ரர் வந்து காட்டிக் கொடுத்திருக்கும்.

ரிமோட் கியூவில் டிரான்ஸ்மிஷன் கியூவின் பெயரை மாற்றுங்கள், சரியாகிவிடும். இனிமேல் டிரான்ஸ்மிஷன் கியூவுக்கு எதிர்ப்பக்கக் கியூ மேனேஜரின் பெயரையே வையுங்கள். அப்படி வைத்தால் ரிமோட் கியூவில் அந்த இடத்தைக் காலியாகவே விடலாம், அதே பெயருள்ள கியூவை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். தப்பு நுழைய ஓர் இடம் குறையும்.

மார்ச் 8, இரவு 10:05

நேற்று சேனல் ஒருவழிப் பாதை என்று எழுதினேன். ஒருவர் சுட்டிக்காட்டினார், அவர் சொல்வது சரி. கியூ மேனேஜருக்கும் கியூ மேனேஜருக்கும் இடையில் ஓடும் சேனல்தான் ஒருவழி. புரோகிராம் வேறு மெஷினில் இருந்து கியூ மேனேஜரோடு பேசும் சர்வர் கனெக்ஷன் சேனல் இருவழி. கேட்பதும் பதிலும் அதே இணைப்பில் போகும். அங்கே டிரான்ஸ்மிஷன் கியூ கிடையாது, அதனால் பொறுப்பு கைமாறும் இடமும் வேறு. புட் போட்டுப் பதில் வருவதற்குள் நெட்வொர்க் அறுந்தால் 2009 என்ற எர்ரர் வரும். செய்தி சேர்ந்ததா இல்லையா என்பது அப்போது புரோகிராமுக்குத் தெரியாது. இரண்டையும் சேனல் என்று ஒரே பெயரால் கூப்பிடுவது புதிதாக வருகிறவர்களை நன்றாகக் குழப்புகிறது.

மார்ச் 9, மாலை 6:30

டெட் லெட்டர் கியூவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதை விரிவாகச் சொல்கிறேன், பட்டு அறிந்தது.

ரிசீவர் சேனல் கையில் செய்தி வந்துவிட்டது, ஆனால் போட வேண்டிய கியூவில் போட முடியவில்லை. கியூ நிறைந்திருக்கலாம், அந்தப் பெயரில் கியூ இல்லாமல் இருக்கலாம், அனுமதி இல்லாமல் இருக்கலாம். அந்த ஒரு செய்திக்காகச் சேனலை நிறுத்தினால் பின்னால் வரும் எல்லாமே நிற்கும். அதனால் ஓரமாக ஒரு கியூவில் வைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கும்.

2019 மார்ச். நான் அப்போது ஒரு வங்கியின் மிடில்வேர் குழுவில் (எம்கியூ போன்ற இணைப்பு மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் குழு) இரவு ஷிஃப்ட். கணக்கு தொடங்கும் செய்தியும் அந்தக் கணக்கில் முதல் வரவு வைக்கும் செய்தியும் ஒரே கியூவில், ஒன்றன்பின் ஒன்றாக வரும். டேட்டாபேஸ் மக்கர் செய்து, படிக்கும் புரோகிராம் நின்றுவிட்டது. கியூவைச் செய்தவர் மேக்ஸ்டெப்த் (கியூ தாங்கும் செய்திகளின் உச்ச எண்ணிக்கை) கொடுக்காமல் விட்டிருந்தார், அதனால் டீஃபால்ட் 5000. 5000 தொட்டது, நிறைந்தது.

அதன்பின் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். ரிசீவர் சேனல் உடனே கைவிடாது. டீஃபால்ட்டில் ஒரு நொடி இடைவெளியில் 10 முறை திரும்ப முயலும். அந்த 10 நொடியும் சேனல் வேறெதையும் செய்யாது. அதே சேனலில் வந்த வேறு மூன்று கியூக்களுக்கான செய்திகளும் இப்படிச் செய்திக்குப் பத்து நொடி என்று பின்னால் நின்றன. அந்த மூன்று புரோகிராமும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் அவற்றின் ஆட்கள் எல்லாரும் எங்களுக்குப் போன் செய்தார்கள்.

காலை வந்து டெட் லெட்டர் கியூவைத் திறந்து ஹெக்ஸில் (பதினாறின் அடிப்படையில் எழுதும் எண்களில்) பார்த்தோம். ஒவ்வொரு செய்தியின் முன்னாலும் 172 பைட் தலைப்பு. முதலில் டிஎல்எச் என்ற மூன்று எழுத்தும் ஒரு காலியிடமும், பிறகு 0100 0000, பிறகு 0508 0000. கடைசியாக இருப்பதுதான் காரணம். இன்டெல் மெஷினில் பைட்டுகள் தலைகீழாக இருக்கும், திருப்பிப் படித்தால் ஹெக்ஸில் 805, அதாவது 2053, கியூ நிறைந்துவிட்டது. அதன்பின் போக வேண்டிய கியூவின் பெயர், கியூ மேனேஜரின் பெயர், கடைசியில் தேதியும் நேரமும். முதல் செய்தியில் நேரம் 20473112 என்று இருந்தது. இரவு 8:47க்கே ஆரம்பித்துவிட்டது, முந்தின ஷிஃப்ட் கவனிக்கவில்லை என்று சண்டையே வந்துவிட்டது. அது ஜிஎம்டி நேரம். நம் கணக்கில் 5:30 கூட்டினால் மறுநாள் அதிகாலை 2:17. என் ஷிஃப்ட்தான்.

செய்தி ஒன்றும் தொலையவில்லையே, எல்லாம் பத்திரமாக இருக்கிறதே என்று நிம்மதியாக டெட் லெட்டர் ஹேண்ட்லரை ஓட்டி, எல்லாவற்றையும் பழைய கியூவுக்கே திருப்பி அனுப்பினோம். அரை மணி நேரத்தில் மறுபடி போன். நடுராத்திரியில் புரோகிராம் எழுந்து கொஞ்சம் படித்திருக்கிறது, கியூவில் இடம் கிடைத்திருக்கிறது. கணக்கு தொடங்கும் செய்தி டெட் லெட்டரில் கிடக்க, பின்னால் வந்த வரவு நேராக உள்ளே போய்விட்டது. இல்லாத கணக்குக்கு வரவு. இப்படி 140க்கு மேல். இரண்டு நாள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரி செய்தோம்.

டெட் லெட்டர் கியூ செய்தியைக் காக்கும், வரிசையைக் காக்காது. வரிசை முக்கியம் என்றால் சேனலில் டெட் லெட்டர் கியூவைப் பயன்படுத்தாதே என்று குறிக்கலாம், 7.1 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. அப்போது பெர்சிஸ்டென்ட் செய்தியைப் போட முடியவில்லை என்றால் சேனலே நின்றுவிடும். நிற்பதா, வரிசை குலைவதா என்பதை வியாபாரம் புரிந்தவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதை மிடில்வேர் குழு தனியாக முடிவு செய்யக்கூடாது. எங்கள் விஷயத்தில் யாரிடமும் கேட்கப்படவில்லை.

மார்ச் 9, இரவு 7:10

விட்டுப்போனது: டெட் லெட்டர் கியூவும் நிறையும்! நாமே ஒரு கியூ செய்து, மேக்ஸ்டெப்த் கொடுக்காமல் டெட் லெட்டர் கியூவாக வைத்தால் அதற்கும் 5000தான்.

மார்ச் 11, இரவு 9:45

பழைய மெயின்ஃபிரேம் அனுபவஸ்தர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரிசீவர் போட்டதும் செண்டர் அழித்துவிடும் என்று எழுதினீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒயர் அறுந்தால்?" சார், நான் அதை மழுப்பிவிட்டேன். நீங்கள் விடவில்லை, நன்றி.

என் அப்பா திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் (ரயில்வே மெயில் சர்வீஸ்) தபால் பிரிக்கும் சார்ட்டராக இருந்தவர். தபால் பை ரயிலேறும்போது பட்டியலோடு ஏறும். வாங்குகிற ஆபீஸ் பைகளை எண்ணி, பட்டியலோடு ஒத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடும். கையெழுத்து திரும்பி வரும்வரை அனுப்பிய ஆபீஸ் தன் பொறுப்பு முடிந்ததாக எழுதாது. டெட் லெட்டர் என்ற பெயரும் தபாலிலிருந்து வந்ததுதான். முகவரி கண்டுபிடிக்க முடியாத கடிதங்கள் போகும் ஆபீஸுக்கு முன்பு நம் நாட்டிலும் டெட் லெட்டர் ஆபீஸ் என்றுதான் பெயர், பிறகு ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ் ஆனது. நான் வீட்டில் இந்த வேலையைப் பற்றி முதன்முதலில் சொன்னபோது அப்பா ஒரே நிமிடத்தில் புரிந்துகொண்டார், "பட்டியல் யார் கையில் இருக்கு?" என்று கேட்டார்.

எம்கியூ சேனலும் பை பையாகத்தான் கட்டும். ஒரு பேட்சில் டீஃபால்ட்டாக 50 செய்தி வரை. பேட்ச் முடிவில் ரிசீவர் கமிட் செய்து, ஆயிற்று என்று பதில் அனுப்பும். அந்தப் பதில் வந்த பிறகுதான் செண்டர் தன் பக்கத்தில் கமிட் செய்து அழிக்கும். பதில் வழியில் தொலைந்தால் செண்டருக்குத் தெரியாது: அவர்கள் வாங்கிவிட்டார்களா, இல்லையா? இந்த நிலைக்கு இன்டவுட் என்று பெயர். ரிசீவர் பக்கம் கடைசியாக கமிட் ஆன பேட்சின் அடையாளம் ஒரு சிஸ்டம் கியூவில் எழுதியிருக்கும். அப்பா கேட்ட பட்டியல் அதுதான். இணைப்பு திரும்ப வந்ததும் இருவரும் ஒத்துப் பார்த்துத் தாங்களே தீர்த்துக்கொள்வார்கள். தொண்ணூற்றொன்பது தடவை நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

மீதி ஒரு தடவை, பட்டியல் பொய்யாகும்போது. டிசாஸ்டர் ரெகவரி ஒத்திகை ஒன்றில் கியூ மேனேஜரை முந்தின நாள் பேக்கப்பிலிருந்து எழுப்பினார்கள். வரிசை எண் ஒத்துப்போகவில்லை, 9526 எர்ரர். சேனலில் இன்டவுட் இருக்கிறதா என்று பார்க்காமலே ஒரு நண்பர் பேக்அவுட் (அவர்கள் வாங்கவில்லை, திரும்ப அனுப்பு என்ற கட்டளை) கொடுத்து, எண்ணையும் ரீசெட் செய்தார். எதிர்ப்பக்கம் அந்தப் பேட்சை ஏற்கனவே கமிட் செய்திருந்தது. 50 செய்தியும் இரண்டாம் முறை போய் விழுந்தன. ஒத்திகை என்பதால் பிழைத்தோம்.

செய்ய வேண்டியது: செண்டர் பக்கம் இப்போதைய பேட்சின் அடையாளம், ரிசீவர் பக்கம் கடைசியாக கமிட் ஆன பேட்சின் அடையாளம், இரண்டையும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் அவர்கள் வாங்கிவிட்டார்கள், கமிட் கொடுங்கள். வேறாக இருந்தால் பேக்அவுட். ரீசெட் அதற்குப் பிறகுதான்.

மார்ச் 11, இரவு 10:30

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தால், எம்கியூவில் செய்தி தொலையவே தொலையாது என்பதுபோல் தொனிக்கிறது. அப்படி இல்லை. நான் சொன்ன அத்தனையும் பெர்சிஸ்டென்ட் செய்திக்கு. நான்பெர்சிஸ்டென்ட் செய்தி கியூ மேனேஜரை நிறுத்தி எழுப்பினால் சாதாரணமாகப் போய்விடும். சேனலிலும் அவை டீஃபால்ட்டில் பேட்சின் பாதுகாப்புக்கு வெளியே வேகமாகப் போகும், நடுவில் இணைப்பு அறுந்தால் போனது போனதுதான். எக்ஸ்பைரி வைத்த செய்தியும் நேரம் முடிந்தால் சத்தமில்லாமல் மறையும். விலைப் பட்டியல் மாதிரி அடுத்த நொடி புதிதாக வரப்போகிற தகவலுக்கு இது போதும், வேகமும் கிடைக்கும். பணத்துக்குப் போதாது.

மார்ச் 13, காலை 8:00

"இதெல்லாம் பழசு, காஃப்கா இருக்கும்போது எதற்கு எம்கியூ?" என்று ஒருவர். காஃப்காவும் செய்தி கடத்தும் மென்பொருள்தான். வயதுக் கணக்குப் பார்த்தால் உண்மைதான். எம்கியூசீரிஸ் என்ற பெயரில் 1993இல் வந்தது, நடுவில் வெப்ஸ்பியர் எம்கியூ ஆகி, 2014இல் ஐபிஎம் எம்கியூ ஆனது. காஃப்கா லிங்க்ட்இனில் பிறந்து 2011இல் திறந்த மூலமாக வெளிவந்தது. ஆனால் இரண்டும் வேறு வேலை. எம்கியூவில் ஒருவர் எடுத்தால் செய்தி கியூவிலிருந்து போய்விடும், பொறுப்பு அவரிடம் போய்விட்டது. காஃப்காவில் படித்தாலும் செய்தி அங்கேயே இருக்கும், எதுவரை படித்தோம் என்ற எண் மட்டும் நகரும். பத்துப் பேர் பத்து வேகத்தில் ஒரே தகவலைப் படிக்க வேண்டுமா, நேற்றிலிருந்து மறுபடி படிக்க வேண்டுமா, காஃப்கா. ஒரு கட்டளையை ஒருவர் ஒருமுறை நிறைவேற்ற வேண்டும், அதுவும் டேட்டாபேஸ் கமிட்டோடு சேர்ந்தே என்றால், நான் இன்றும் எம்கியூ பக்கம்தான்.

மார்ச் 13, இரவு 9:20

தம்பிக்குப் புதுக் கவலை: காலையில் பார்த்தால் சேனல் இன்ஆக்டிவ். அது நோய் இல்லை. 6000 நொடி, அதாவது 100 நிமிடம், அனுப்ப ஒன்றும் இல்லை என்றால் சேனல் தானாக ஓய்ந்துவிடும், அது டீஃபால்ட். டிரான்ஸ்மிஷன் கியூவில் ட்ரிகர் போட்டிருந்தால், அடுத்த செய்தி விழுந்ததும் கியூ மேனேஜர் இனிஷியேஷன் கியூவில் ஒரு தகவல் போடும், சேனல் இனிஷியேட்டர் அதைப் படித்துச் சேனலைக் கிளப்பும். கவலைப்பட வேண்டியது ஸ்டாப்டு என்றிருந்தால். அதை ஆள்தான் கிளப்ப வேண்டும், ட்ரிகர் தொடாது.

அது இருக்கட்டும், எனக்கு ஒன்று உறுத்துகிறது. அந்தச் சின்ன எழுத்துக் கியூவில் தேங்கியிருந்த பழைய செய்திகள் என்ன ஆயின? ரிமோட் கியூவை மாற்றச் சொன்னபோது அவற்றைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாற்றிய பிறகு போட்டவை எல்லாம் அவற்றை முந்திக்கொண்டு போயிருக்கும். 2019இல் எங்களுக்கு நடந்த அதே தப்பு. முதலில் பழையதை வடியவிட்டு, பிறகு மாற்றச் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 13, இரவு 9:55

37 செய்தி அங்கேயே கிடக்கிறதாம். டெஸ்ட் மெஷின் என்பதால் வரிசை பரவாயில்லை என்கிறார். அப்படியானால் இப்படிச் செய்யுங்கள். சேனலை நிறுத்துங்கள், இன்டவுட் இல்லை என்று உறுதி செய்யுங்கள். சேனல் படிக்கும் டிரான்ஸ்மிஷன் கியூவைச் சின்ன எழுத்துப் பெயருக்கு மாற்றிக் கிளப்புங்கள், மேற்கோள் மறக்க வேண்டாம். முகவரித் தலைப்பு ஏற்கனவே ஒட்டியிருக்கிறது, வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. வடிந்ததும் நிறுத்தி, பழையபடி மாற்றி, திரும்பக் கிளப்புங்கள். காலியான சின்ன எழுத்துக் கியூவை இன்றே அழித்துவிடுங்கள். இனி யாராவது அந்தப் பெயரில் ரிமோட் கியூ செய்தால் 2196 வரட்டும்.

மார்ச் 13, இரவு 10:40

37உம் சேர்ந்துவிட்டனவாம். முதல் செய்தியின் புட் நேரம் 14:42 என்று காட்டுகிறது, நான் ராத்திரி எட்டேகாலுக்குக் கொஞ்சம் முன்னால்தானே போட்டேன் என்று கேட்கிறார். 5:30 கூட்டுங்கள் தம்பி.